கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டதாம்!

"அம்மா, இந்தக் கம்ப்யூட்டரில் இனிமேல் விளையாடவே முடியாது. புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும்!"

பரீட்சை முடிந்த மறுநாளே பல வீடுகளில் இந்த விண்ணப்பம் வந்துவிடுகிறது. பிள்ளை சொல்லும் தொகையைக் கேட்டதும் அப்பா செல்போனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கடைசியில் தீர்ப்புச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். (ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின் நீங்களே அதில் ஓர் ஆட்டம் ஆடுகிறவரானால், விண்ணப்பமும் உங்களுடையது, தீர்ப்பும் உங்களுடையது!)

சகோதரிகளே, 'முடியாது' என்று ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம்; கை வளையலைக் கழற்றவும் வேண்டாம். ஏழெட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் என்றால் அதற்குள் இருக்கும் எல்லாமே கிழமாகிவிட்டது என்று அர்த்தமல்ல. ஐந்தாறு பாகங்களில் ஏதோ ஒன்று மற்றவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. அது எது என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் செலவு செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். 15,000 ரூபாயோ 20,000 ரூபாயோ, உங்களால் முடிந்த வரம்பைக் கட்டிக்கொண்டு பெட்டியைத் திறப்போம்.

பெட்டிக்குள் யார் யார்?

உங்கள் சமையலறையையே நினைத்துக்கொள்ளுங்கள். பிராஸஸர்தான் சமையல்காரர். ராம் என்பது சமையல் மேடை. மேடை குறுகலாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடவேண்டும் அல்லவா? அந்த ஸ்டோர் ரூம்தான் ஹார்ட் டிஸ்க். விளையாட்டில் தெரியும் மரம், மழை, நிழல் எல்லாவற்றையும் வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலும் விலை அதிகமான பாகம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ். என்ற சிறு பெட்டி இத்தனை பேருக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மதர்போர்டு எல்லோரையும் தாங்கி நிற்கும் பலகை.

செலவில்லாத வைத்தியம்

முதலில் தூசி. பிராஸஸர் அதிகமாகச் சூடேறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளை 'பழசாகிவிட்டது' என்று சொல்வது பல சமயங்களில் இந்தச் சூடுதான். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷாலும் ஊதும் புளோயராலும் தூசியை எடுக்கலாம். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். வீடு பெருக்கும் வாக்யூம் கிளீனர் வேண்டாம். அதில் உண்டாகும் நிலை மின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடலாம். பிராஸஸர்மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருந்தால், துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் போதும்.

இன்னும் இரண்டு சமாசாரம். மானிட்டர் வயர், கிராபிக்ஸ் கார்டில் அல்லாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு! அடுத்தது, ராம் தன் முழு வேகத்தில் ஓடுவதற்குப் பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' என்ற அமைப்பைப் போடவேண்டும். போடாவிட்டால் 3200 என்று எழுதி விற்ற ராம் 2133 வேகத்திலேயே நடந்துகொண்டிருக்கும்.

யார் குற்றவாளி?

அப்படியும் சரியாகவில்லையா? பிள்ளையை விளையாடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். டாஸ்க் மானேஜரைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். கிராபிக்ஸ் கார்டு 95 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால் தடை அங்கே இருக்கிறது. ஊர்ஜிதம் செய்துகொள்ள, படத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் உடனே வழுக்கிக்கொண்டு ஓடினால், சந்தேகமேயில்லை, கார்டுதான். அப்போதும் திக்கித் திக்கி ஓடினால் பிராஸஸரோ ராமோ போதவில்லை. ஆட்டம் நன்றாக ஓடுகிறது, ஆனால் தொடங்குவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிடலாம் என்றால், ஹார்ட் டிஸ்க்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். 2023-ல் வந்த 'ஸ்டார்பீல்ட்' என்ற விளையாட்டு, எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே அறிவித்தது. ஆனால் ஒன்று: இதனால் காத்திருக்கும் நேரம் குறையுமே தவிர, ஆட்டத்தில் படம் ஓடும் வேகம் அதிகம் கூடாது.

ஓர் உதாரணம்

2017-ல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 1600 பிராஸஸர்; 8 ஜி.பி. ராம் ஒரே துண்டாக, ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்ட பிராஸஸர் பட்டியலிலும் ரைசன் 5 1600 இல்லை. "ஆகவே செட்டாகவே மாற்றிவிடுங்கள்" என்பார் கடைக்காரர்.

செட்டாக என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? ஏ.எம்.டி.யின் புது ரகப் பிராஸஸருக்குப் புது மதர்போர்டு வேண்டும். அந்த மதர்போர்டுக்கு டி.டி.ஆர். 5 ராம் வேண்டும். ராம் விலையோ 2025 கடைசியில் மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரியை மொத்தமாக வாங்கிக் குவிப்பதே முக்கிய காரணம். ஆக, உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் டி.டி.ஆர். 4 ராமைத் தூக்கிப் போடுவது நல்ல புடவையைப் பாத்திரக்காரனிடம் போடுவது மாதிரி.

வேறு வழி இருக்கிறது. அந்த மதர்போர்டின் ஏ.எம்.4 என்ற சாக்கெட்டிலேயே 2022-ல் வந்த ரைசன் 5 5600-ம் உட்காரும். விண்டோஸ் 11-ம் அதை ஏற்கும். மதர்போர்டு தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலின் பெயரைப் போட்டு, இந்தப் பிராஸஸர் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிராஸஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடவேண்டும். அந்தச் சில நிமிஷத்தில் கரண்ட் போனால் போர்டே வீணாகலாம், ஆகையால் யு.பி.எஸ். இல்லாமல் தொடவேண்டாம். இரண்டாவதாக ஒரு 8 ஜி.பி. ராமையும் சேர்த்தால் மேடை இரண்டு மடங்கு அகலமாகும். இரண்டு துண்டுகளும் இணைந்து வேலை செய்வதால் வேகமும் கூடும். இந்த வருஷம் இவ்வளவு போதும். கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது

கார்டை மாற்றும் நாள் வரும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள். காபினெட்டோடு இனாமாக வந்த பெயர் தெரியாத பெட்டியானால், அதை நம்பிப் புதுக் கார்டைப் போடாதீர்கள். அது கெட்டுப்போகும்போது மற்றப் பாகங்களையும் கூட இழுத்துக்கொண்டு போகக்கூடும். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்குத்தான் அத்தாட்சி. பாதுகாப்புக்கு நல்ல கம்பெனிப் பெயரும் வாரண்டியும் வேண்டும். மின்சாரம் அதிகம் கேட்காத கார்டுகளும் உண்டு. 2021-ல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட்டே போதும். சாதாரண புல் எச்.டி. மானிட்டருக்கு அது தாராளம்.

செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா? தாராளமாக, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் 'தோண்ட' இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த வேலை நின்றுபோனதும் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, தெரிந்தவர் வீடானாலும் சரி, அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்து, விசிறிச் சத்தம் கேட்டு, திரையில் புள்ளியோ கோடோ விழவில்லை என்று கண்ட பிறகே பணம் கொடுங்கள். கடையானால் பில்லும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தச் சோதனைகளையெல்லாம் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். எந்தப் பாகம், ஏன், இரண்டு கடைகளில் என்ன விலை, கழற்றிய பழைய பாகம் என்ன விலைக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். வெறும் 'வேண்டும்' என்று வந்த பிள்ளை, 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று கணக்கோடு வந்து நிற்பான். அந்தக் கணக்குப் பழக்கம், கம்ப்யூட்டர் மறுபடி பழசான பிறகும் அவனுக்கு உதவும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பீரோவைத் திறங்கள்.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்போது, எப்படி?