முதலில் ஊசி, பிறகு டிக்கெட்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் வேலை என்று கடிதம் வந்தால், ஏர்பேட்டுத் தமிழர் முதலில் ஓடுவது விமான டிக்கெட் வாங்கத்தான். இது தவறு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டில் நுழைய முடியாது. ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். ஊசியும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே உண்டு. ரேணிகுண்டாவில் ரயில் ஏறினால் சென்னை. அங்கே கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம்.

"ஊசி வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் நம்பலாகாது. இந்நோயைப் பரப்புவது கொசு. அது அட்டை கேட்டுக் கடிப்பதில்லை. நோய் கண்டுவிட்டால் குணப்படுத்தத் தனி மருந்தும் கிடையாது. சான்றிதழின்றித் தாயகம் திரும்பினாலோ 6 நாட்கள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு.

ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும் என்பது 2016 ஜூலை முதல் உலக சுகாதார விதி. வட்டிக்கு வாங்கிய பணத்தில் பயணம் புறப்படுகிறவர்கள், இரண்டு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று முதலில் ஊசியை முடிக்கட்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்குப் பணம் மட்டும் வந்தால் போதாது. போனவரும் திரும்பி வரவேண்டும்.