வில்லுக்குப் பக்கத்தில் ஒரு ‘ஆமா’

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லில் கடைந்த நாதஸ்வரம் ஒன்று உண்டு. கல்லையும் ஊதிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்த ஊர். நம்மாழ்வார் பிறந்த மண்ணாயிற்றே, பாட்டுக்கு என்ன பஞ்சம்!

அந்தக் கோயில் தெருக்களைத் தாண்டி, வாழையும் வயலுமாகக் கிடக்கும் தாமிரபரணிக் கரைச் சிற்றூர்களுக்குப் போனால் வேறொரு சங்கீதம் இருக்கிறது. அங்கே சாமி சுடலைமாடன், இசக்கியம்மன். வாத்தியம் ஒரு வில்.

கொடை விழா ராத்திரியில் பந்தலுக்குள் அந்த வில்லை வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளைவிட நீளமான வில். அதன் வளைந்த முதுகை ஒரு மண்குடத்தின் கழுத்தில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நாணில் வரிசையாக மணிகள். தலைமைப் பாடகர் இரண்டு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணைத் தட்டுவார். மணிகள் சிணுங்கும். நாணின் அதிர்வு குடத்துக்குள் இறங்கி ‘கும்’மென்று திரும்பி வரும். குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் தட்டித் தாளம் கொடுப்பார். உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் பின்னால் சேர்ந்துகொள்ளும். கிட்டாருக்கு மரப்பெட்டி செய்கிற வேலையை இங்கே மண்குடம் செய்கிறது. நாண் மட்டும் ஒன்றே ஒன்று.

இந்த வில்லை ஊர்ப் பந்தலில் இருந்து சென்னை மேடைக்கும், வானொலிக்கும், தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனவர்களில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர் சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிச் சீமையில் சத்திரம் புதுக்குளம் அவர் ஊர். பிறந்தது 1928-இல். மறைந்தது 2022 அக்டோபர் 10-இல். தொண்ணூறு வயதைத் தாண்டிய வாழ்க்கையில் எழுபது வருடங்களுக்கு மேல் எழுத்தும் வில்லும்தான்.

பதினாறு வயதிலேயே ‘குமரன் பாட்டு’ என்று ஒரு கவிதைப் புத்தகம். அடுத்த சில வருடங்களில், 1948-இல், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கண்ணில் பட்டார். கலைவாணர் நாகர்கோவில்காரர். வில்லுப்பாட்டு அவருக்கு ஊர்ச் சொத்து. சினிமாவில் சிரிக்க வைப்பதற்கு முன்பே வில்லடித்துப் பாடியவர். நெல்லைப் பையனிடம் இருந்த சொல்வளமும் குறும்பும் அவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. கலைவாணரின் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார் சுப்பு ஆறுமுகம். பின்னாளில் நாகேஷுக்கும் எழுதினார். சினிமாவில் எழுதிப் பிழைத்துக்கொண்டே, வில்லையும் கையில் வைத்துக்கொண்டார்.

சிரிப்பு எழுதப் பழகியது வில்லில் நன்றாகவே தெரியும். எங்கே நிறுத்தினால் ஜனம் சிரிக்கும், எவ்வளவு நேரம் சிரிக்க விட வேண்டும், சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியை எப்படி எடுக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. இழுத்துப் பாடி அசத்துகிற குரல் அவருடையது இல்லை. கொஞ்சம் பேசுவார், கொஞ்சம் பாடுவார். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே ஆரம்பித்தது என்று பிடிக்கவே முடியாது. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க் கதை சொல்லும் தாத்தா, சொல்லிக்கொண்டே வரும்போது திடீரென்று ராகத்தில் இறங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

இதில் பக்கத்தில் இருப்பவர்களின் பங்கு பெரிது. வில்லுப்பாட்டில் தலைவர் தனியாகப் பாடுவதே இல்லை. அவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். சில சமயம் குறுக்கே ஒரு கேள்வி வரும். ‘அதெப்படி அண்ணே?’ என்று ஊரில் யாராவது கேட்கக்கூடிய அதே கேள்வி. சுப்பு ஆறுமுகம் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். வீசுகோல் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் பதில். அந்த ஒரு நொடி நிற்பதில்தான் அவர் வித்தை இருந்தது.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒருவரைக் கூப்பிடத் தோன்றுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்திக் காடுகளுக்கு நடுவே 1925-இல் பிறந்தவர் பி.பி. கிங். நம்மவரைவிட மூன்று வயது மூத்தவர். ப்ளூஸ் என்பது அந்தக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. அந்தப் பக்கத்துச் சிறுவர்கள் பலருக்கு முதல் கிட்டார் என்பது துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பிதான். அதை உருவி, சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டித் தட்டினால் ஒற்றைத் தந்தி வாத்தியம் தயார். வில்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

பி.பி. கிங்குக்கு ஒரு வழக்கம். பாடும்போது கிட்டாரை வாசிக்க மாட்டார். வாசிக்கும்போது பாட மாட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தனக்கு வராது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி பாடி நிறுத்துவார். அதற்குக் கிட்டார் பதில் சொல்லும். அந்தக் கிட்டாருக்கு ‘லூசில்’ என்று பெயர். 1949 குளிர்காலத்தில் அர்க்கன்சாவில் ஒரு நடன விடுதியில் இவர் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். குளிருக்காக மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி வைத்திருந்த பீப்பாய் உருண்டு கட்டடமே பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்தவர், கிட்டாரை விட்டுவிட்டோமே என்று திரும்ப நெருப்புக்குள் ஓடி எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார். பிறகு வாங்கிய கிட்டார்கள் எல்லாமே லூசில்தான்.

அவருக்கு லூசில் எப்படியோ, சுப்பு ஆறுமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அப்படி. இருவருமே எதிர்க்குரலுக்கு இடம் விட்டுப் பாடியவர்கள். ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியைச் சொல்லி, அதையே இன்னொரு முறை சொல்லி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். வில்லில் தலைவர் சொன்னதை மற்றவர்கள் திருப்பிச் சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. கேட்கிறவன் மனதில் வரி ஊறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குக் கதை சொல்லிப் பழகிய கலைகள் இரண்டும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

துக்கத்திலும் ஒற்றுமை உண்டு. கொடையில் பாடும் கதைகள் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். பாபநாசம் மலைப்பக்கத்து முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு, அவர்களுக்காகத் தன் சாதியை விட்டவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். அவனை ஊர் சாமியாக்கிக் கும்பிடுகிறது. நடுச்சாமத்துக்கு மேல் கதை சாவை நெருங்கும்போது வில்லின் வேகம் ஏறும். பந்தலில் ஒருவர் உடம்பு நடுங்க எழுந்து ஆடுவார். சாமி வந்துவிட்டது. பாடகர் பாடியதற்கு அங்கே பதில் சொல்வது சாமியே.

சுப்பு ஆறுமுகத்தின் மேடையில் சாமி வரவில்லை. காந்தி வந்தார், ராமாயணமும் மகாபாரதமும் வந்தன. விடிய விடியப் பாடியது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. கதையின் நடுவே அன்றைக்குப் பேப்பரில் வந்த சேதியும் நுழைந்தது. ‘கோயிலை விட்டு இறங்கிய வில்லுக்கு உயிர் ஏது?’ என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சபா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதும், மாடன் பீடத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து பயத்தோடு கேட்பதும் ஒன்றாகாது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கோவையிலும் திருச்சியிலும் இருப்பவருக்கு இப்படி ஒரு கலை இருப்பதே இவர் மூலமாகத்தான் தெரிந்தது. குடத்தையும் வில்லையும் பார்த்து ‘இது என்னப்பா?’ என்று கேட்ட பட்டணத்துப் பிள்ளைகள், அடுத்த அரை மணியில் ‘ஆமா’ போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர், அந்த ‘ஆமா’வை மட்டும் விடாமல் எடுத்து வந்தார். வில்லுப்பாட்டில் எதை இழந்தாலும் எதை இழக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பி.பி. கிங்கையும் பெரிய அரங்குகளுக்குப் போனதும் மெருகு கூடிவிட்டது என்று குறை சொன்னார்கள். அவரும் பதில் சொல்லும் கிட்டாரை விடவில்லை.

மேடைக்கு வராமல் பந்தலிலேயே பாடி முடித்தவர்களையும் இங்கே நினைக்காமல் போனால் தப்பு. கன்னியாகுமரி மாவட்டம் கொட்டாரத்தில் வாழ்ந்த பூங்கனி அம்மாள், ஒரு காலத்தில் கொடை கொடையாக அழைக்கப்பட்ட வில்லுப்பாட்டுக்காரர். ஆண்கள் நிறைந்த துறையில் வில்லின் முன் உட்கார்ந்த பெண். கடைசிக் காலத்தில் முதியோர் உதவித்தொகையே துணையாக இருந்து, எண்பது வயதைத் தாண்டி 2018 நவம்பரில் மறைந்தார்.

ப்ளூஸ் உலகத்திலும் இப்படி உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் சில பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் உலகம் அவரை மறந்தே போயிற்று. பழைய இசைத்தட்டில் தன் ஊர் பெயரை அவர் பாடியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, 1963-இல் ஓர் இளைஞர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். அடுத்த மூன்று வருடம் பெரிய மேடைகள், புது இசைத்தட்டுகள். 1966-இல் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பூங்கனிக்கு அப்படி ஒரு மூன்று வருடம் வாய்க்கவில்லை.

சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொண்ணூறைத் தாண்டிய பிறகு வந்த விருது. அதற்கு ஆறு வருடம் முன்பு, ‘உத்தம வில்லன்’ படத்துக்காகக் கமல்ஹாசன் வில்லுப்பாட்டு வைத்தபோதும் இவரைத்தான் தேடி வந்தார்கள். அவருடைய மகள் பாரதி திருமகன் இப்போது வில்லின் முன் உட்காருகிறார். அப்பாவின் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பழகியவர். கணவரும் மகனும் குழுவில் இருக்கிறார்கள்.

சுப்பு ஆறுமுகத்தின் பழைய நிகழ்ச்சிகள் யூடியூபில் கிடைக்கின்றன. போனில் கேட்பதாக இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், சின்ன ஸ்பீக்கரில் குடத்தின் ‘கும்’ கேட்காது. முதல் தடவை கதையைக் கேளுங்கள். இரண்டாம் தடவை அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் கேளுங்கள். எங்கே ‘ஆமா’ வருகிறது, எங்கே வராமல் அவர் காத்திருக்கிறார் என்று தெரியும்.