ஒற்றைச் சாட்சி போதாது

பி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவைக் காட்டிக்கொடுப்பது எது? பி செல் வழிவந்த எதிர்ப்பொருளேதான். பாம்பின் கால் பாம்பறியும் என்பது ஆய்வகத்திலும் பொய்க்கவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் பி செல்லும் மற்றொரு வெள்ளணுவான டி செல்லும் இரட்டைப் பிள்ளைகள். பிரித்தறிய, செல்லின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் வேண்டும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உண்டாக்கும் வழியைக் கோலர், மில்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் கேம்பிரிட்ஜிலிருந்து அறிவித்தார்கள். அதற்காக 1984-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அந்த வழியில் பிறந்ததுதான் சுண்டெலி ஆய்வில் பெயர்பெற்ற ஆர்ஏ3-6பி2 என்ற எதிர்ப்பொருள். அது பி220 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. எதிர்ப்பொருள் விற்பவர்களின் அட்டவணையில் அதற்கு நேரே 'பி செல்' என்று இருக்கும், அங்கேதான் சிக்கல். பி செல் அல்லாத சில டென்ட்ரிட்டிக் செல்களிலும் பி220 உண்டு. எதிர்ப்பொருளைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்லும் பி செல் குடும்பம்தான். அதிலோ பி220 மங்கிவிடுகிறது. அயலான் உள்ளே வருகிறான், வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கிறான்! ஆகவே சிடி19 போன்ற இன்னொரு அடையாளப் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. எந்த எதிர்ப்பொருள், அதை உண்டாக்கிய செல் வழி (குளோன்) எது, ஒப்பீட்டுச் சோதனை என்ன என்று சொல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன். எதிர்ப்பொருள் குப்பி சொல்வது சாட்சியம். தீர்ப்பு எழுதவேண்டியவர் ஆய்வாளர்.