ஒரு வீடு, இரண்டு குடித்தனம்



"விளையாடுவதற்கென்று பிள்ளை தானே கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறான். அதில் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தினமும் சண்டை. நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்" என்று உங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். தீர்த்து வைக்க நான் யார்? எங்கள் வீட்டில் இதே சண்டை நடந்து, அதில் தோற்றுப் போனவள் நான்! ஆனால் தோற்றவளுக்குத்தானே விஷயம் நன்றாகத் தெரியும்? கேளுங்கள்.

வீடு கட்டி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல், குழாய், விளக்கு எல்லாம் இருக்கின்றன. குடித்தனக்காரர் வராமல் அடுப்பு எரியுமா? மதர்போர்டு, பிராஸஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வெறும் கட்டடந்தான். அவற்றை வேலை வாங்குகிற குடித்தனக்காரர்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். கடையில் வாங்கும் லாப்டாப்பில் பெரும்பாலும் ஆளையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டருக்கோ நாமேதான் ஆள் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் கம்பெனியின் மேக் ஓ.எஸ். இந்தப் போட்டியில் இல்லை. ஆப்பிள் செய்த கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதிலும் அதைப் போட அந்தக் கம்பெனி அனுமதிப்பதில்லை. பாக்கி இருப்பது விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பேர்.

காலேஜில் படிக்கும் என் மகள், டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நாலு நடை நடந்து, சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். கடைசி நடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒருவர், "ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்கம்மா, விண்டோஸும் போட்டுத் தந்துடறேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மகளோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"அது திருட்டுச் சரக்கும்மா. பூட்டை உடைக்கிற புரோகிராம் ஒண்ணையும் சேர்த்துப் போடுவாங்க. அது வேலை செய்யணும்னா முதல்லே வைரஸ் காவலை நிறுத்தி வைக்கணும். நீ பாங்குக் கணக்குப் பார்க்கப் போறதும் இதே கம்ப்யூட்டரிலேதானே?" என்றாள்.

காவல் நாயைக் கட்டிப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாதவனைக் கூடத்தில் படுக்க வைக்கிற காரியம்! அவன் என்ன எடுத்துப் போவான் என்று யார் கண்டது? ஐந்நூறு ரூபாயில் பாங்குப் பாஸ்வேர்டே போய்விடலாம். நம் வீடுகளில் இந்தத் தப்பு சர்வசாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முறையாக வாங்கினால் என்ன விலை? விண்டோஸ் 11 ஹோமுக்கு அமெரிக்காவில் கம்பெனி வைத்திருக்கும் விலை 139 டாலர். அதைக் கேட்டதும் நான் மலைத்துப் போனேன். அப்போதுதான் லினக்ஸைப் பற்றித் தெரிய வந்தது. 1991-ஆம் வருஷம் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து வைத்தது. இன்று உலகம் முழுவதும் பலர் கூடி வளர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நம் சென்னையிலுள்ள ஸி-டாக் நிலையம் உருவாக்கிய 'பாஸ்' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

"ஓசியிலே இவ்வளவு நல்ல ஆள் கிடைக்கும்போது காசு கொடுப்பானேன்? லினக்ஸையே போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள்.

லினக்ஸில் பல ரகம் உண்டு. நாங்கள் எடுத்தது லினக்ஸ் மின்ட். ஒரு பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போடாமலே ஓட்டிப் பார்க்கலாம். புடவையை வாங்குமுன் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல! விண்டோஸ் பழகிய கைக்கு அதிகத் தடுமாற்றமும் இல்லை. நான் அரை மணியில் பழகிவிட்டேன்.

மகள் தனியாக விளையாடும் விளையாட்டுகளும் அநேகமாக ஓடின. விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். 2018-இல் வால்வ் கம்பெனி 'புரோட்டான்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அது ஒரு துபாஷி. விளையாட்டு விண்டோஸ் பாஷையில் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறது.

எல்லாம் சரி, ஆனால் சனிக்கிழமை வந்தது.

என் மகன் புனாவில் உத்தியோகம் பார்க்கிறான். டெலிபோனில் அவனோடு பேசுவது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "உடம்பு?" "நல்லாத்தான் இருக்கு." அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி அண்ணாவும் தங்கையும் பழைய லாப்டாப்பில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். காதில் ஹெட்போன். "அண்ணா, இடது பக்கம் வரான்!" என்று ஒரு கத்தல், நடுநடுவே, "புது மானேஜர் எப்படி?" "அந்த அறையைக் காலி பண்ணிட்டியா?" என்று விசாரணை. கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டே என் பிள்ளையின் சமாசாரம் அத்தனையும் நான் தெரிந்துகொள்வேன். அந்த லாப்டாப் செத்துப் போனதால்தான் இந்தப் புதுக் கம்ப்யூட்டரே வந்தது.

லினக்ஸ் போட்ட பிறகு ஒரு சனிக்கிழமை அறையில் சத்தமே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. உள்ளே போய்க் கேட்டேன்.

"அந்த விளையாட்டு லினக்ஸிலே ஓடாதும்மா."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"காசு மிச்சமாச்சுன்னு நீ எவ்வளவு சந்தோஷமா இருந்தே! அதான்."

எனக்குத் தொண்டையை அடைத்தது.

ஏன் ஓடாது? பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் யாராவது கள்ளத்தனம் செய்தால் பிடிப்பதற்கு ஒரு காவற்காரனை வைக்கிறார்கள். சில விளையாட்டுகளில் அவன் வாசல் திண்ணையோடு நிற்பதில்லை. சமையலறை வரைக்கும் வந்து உட்காருவான். அந்த ரகக் காவற்காரர்கள் பெரும்பாலும் விண்டோஸ் வீட்டுக்கென்றே பழக்கப்பட்டவர்கள். துபாஷி எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் அவர்களிடம் பேச்சு எடுபடுவதில்லை. வாலரன்ட், போர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடுவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024-இல் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவையோ லினக்ஸுக்கென்றே தனியாகக் கிடைக்கின்றன. எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று ஆடிப் பார்த்தவர்கள் 'புரோட்டான் டி.பி.' என்ற இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் செலவழிக்குமுன் அதைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

மறு வாரமே என் சிறுவாட்டுப் பணத்திலிருந்து விண்டோஸ் வாங்கினோம். அதில் இரண்டு தினுசு உண்டு. ஓ.இ.எம். என்பது விலை குறைவு. ஆனால் முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுப்பட்டது. ரீடெயில் என்பதைப் பிற்பாடு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டரில் அடிக்கடி ஏதாவது மாற்றுவார்கள் என்பதால் நாங்கள் ரீடெயிலே எடுத்தோம்.

"விண்டோஸ் 10 போதாதா?" என்று கேட்காதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் குடிவைக்க ஏற்ற ஆள் அல்ல. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டும் வேண்டும். புது மதர்போர்டுகளில் இவை உண்டு. அணைத்து வைத்திருந்தால் அதன் செட்டிங்கில் போய் ஏற்றிவிட வேண்டும்.

லினக்ஸை நான் விடவில்லை. செத்துப் போன லாப்டாப்பிலிருந்து எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி இதில் மாட்டி, அதில் மின்டைக் குடிவைத்தாள் மகள். புது டிரைவில் விண்டோஸ், பழையதில் லினக்ஸ். ஒரே டிரைவைப் பிரித்தும் இரண்டையும் வைக்கலாம். ஆனால் ஒரே சமையலறையில் இரண்டு குடித்தனம் என்றால் உரசல் வரும். தனித்தனி டிரைவுதான் நிம்மதி. ஒன்றைப் போடும்போது மற்றதன் இணைப்பைக் கழற்றி வையுங்கள். தவறுதலாக அழிந்து போகாது.

ஒரு சின்ன வேடிக்கை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் சில சமயம் கடிகாரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும். பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் வாசிப்பதால் வரும் குழப்பம் அது. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

இப்போது நான் பாங்குக் கணக்கு, கரண்டு பில் எல்லாம் மின்டில் பார்க்கிறேன். மகள் விண்டோஸில் ஆடுகிறாள்.

கடிதம் எழுதிய சகோதரிக்குச் சொல்கிறேன்: எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் உசத்தி என்ற சண்டையை விடுங்கள். பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நீ என்னென்ன விளையாட்டு ஆடுகிறாய்? யாரோடு ஆடுகிறாய்?" என்று கேளுங்கள். தனியாக ஆடுகிறவனுக்கு லினக்ஸ் அநேகமாகப் போதும், காசும் மிச்சம். காவற்காரன் உள்ள விளையாட்டைத் தோழர்களோடு ஆடுகிறவனுக்கு விண்டோஸ் வேண்டும். பதில் தெரிந்த பிறகு பணப்பெட்டியைத் திறக்கலாம்.

போன சனிக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "அண்ணா, தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று குரல் கேட்டது. பதில் என் காதில் விழவில்லை. அடுத்தபடி மகள் போட்ட கூச்சலிலேயே தெரிந்துவிட்டது, போட்டுவிட்டான் என்று!