விசா எனும் புதிய ‘துண்டு’

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் வேலை. விசாவை முதலாளியே எடுத்துக் கொடுப்பார். ஆள்சேர்ப்பு முகவர்கள் ஊர் ஊராக விற்கும் வாக்குறுதி இது. விசாவை முதலாளி எடுத்துத் தருவது பெரும் சலுகையாகவே பேசப்படுகிறது. உண்மையில் அது தொழிலாளியை ஒரே முதலாளியோடு பிணைக்கும் கயிறு. வேலை போனால் விசா போகும். விசா போனால் அந்த நாட்டில் தங்கும் உரிமையே போகும். இந்தப் பிணைப்பின் பொருள் என்ன என்பதை ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண் தொழிலாளர்களின் போராட்டத்தோடு ஒப்பிட்டால் தெளிவாகப் புரியும்.

மைசூருக்கு அருகேயுள்ள அந்த ஊரில் கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் இ.சி.சி.-2 என்ற ஆயத்த ஆடை ஆலை இயங்கி வந்தது. எச் அண்ட் எம் என்ற பன்னாட்டு நிறுவனத்துக்கு அங்கே துணி தைக்கப்பட்டது. 2020 ஜூன் மாதம், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலை ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இயந்திரங்கள் ஆலையிலிருந்து வெளியேற்றப்படுவதைக் கண்டதும் அவர்கள் ஆலையிலேயே அமர்ந்தனர். அரசின் முன் அனுமதியின்றி இவ்வளவு பேரின் வேலையை நிறுத்துவது தொழில் தகராறு சட்டத்துக்கு முரணானது என்று அவர்களது சங்கம் வாதாடியது. போராட்டம் ஏறத்தாழ 50 நாட்கள் நீடித்தது. பன்னாட்டுத் தொழிற்சங்கங்களின் ஆதரவும் திரண்டது. 2021இல் சங்கத்தை அங்கீகரிக்கவும், வேலையிழந்தோருக்கு மீண்டும் வேலை வழங்கவும் நிர்வாகம் உடன்பட நேர்ந்தது.

வேலை நிறுத்தப்பட்ட மறுநாளும் அந்தப் பெண்களுக்கு ஆலை வாயிலுக்கு வர உரிமை இருந்தது. மாலையில் திரும்பிச் செல்ல வீடு இருந்தது. தொழிலாளர் துறையின் படியேறவும், நீதிமன்றத்தை நாடவும் வழி இருந்தது. வேலையைப் பறித்த முதலாளியால் அவர்களை ஊரைவிட்டுத் துரத்த முடியவில்லை.

இதே பெண்கள் இதே தையல் வேலைக்காக ஜோர்டானுக்குச் சென்றிருந்தால்? அமெரிக்கச் சந்தைக்காக ஆடை தைக்கும் அந்நாட்டு ஆலைகளின் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து போனவர்கள். அவர்களது வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது; படுக்கும் விடுதியும் உண்ணும் உணவும் அவருடைய ஏற்பாடே. அங்கே ஒருவர் வேலை இழந்தால் கூலியோடு கூரையும், கூரையோடு தங்கும் உரிமையும் பறிபோகும். ஐம்பது நாள் போராட்டம் இருக்கட்டும், ஐந்து நாள் போராட்டம்கூட நாடுகடத்தலில் முடியலாம் என்ற அச்சமே அங்கே மேற்பார்வையாளரின் சவுக்கு.

தமிழர்கள் இந்த ஏற்பாட்டை ஏற்கெனவே அறிவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு தேவைப்பட்டது. ‘துண்டு’ என்ற தமிழ்ச் சொல்லாலேயே அது அழைக்கப்பட்டது. துண்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலையில்லை. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின் அதே துண்டு கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டு வருகிறது. கங்காணியின் முன்பணக் கடனுக்குப் பதிலாக முகவருக்குக் கட்டிய பணம். முகவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. விதியை மீறி வசூலிக்கப்படும் தொகைக்காக நிலமும் நகையும் அடகுக்குப் போகின்றன. கடனோடு விமானம் ஏறியவர் கொடுமையைச் சகித்துக்கொண்டாவது வேலையில் நீடிப்பார் என்பது முதலாளிக்குத் தெரியும்.

முதலாளி காட்டிய இடத்தில் தங்குவதற்குக் கொடுத்த விலையை 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் காட்டியது. ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்த கட்டடம் தீப்பற்றியது. 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் வந்தன. கொச்சியில் ஒப்படைக்கப்பட்ட 31 உடல்களில் 23 கேரளத்தினருடையவை, 7 தமிழ்நாட்டினருடையவை, 1 கர்நாடகத்தைச் சேர்ந்தவருடையது.

இதன் பிறகும் ஒன்றிய அரசு பாடம் கற்கவில்லை. அதற்கு முன்பே, 2023இல் இஸ்ரேலுக்கு 42,000 தொழிலாளர்களை அனுப்ப அது உடன்பாடு கண்டிருந்தது. காசா மீது குண்டு மழை பொழிந்துகொண்டிருந்தபோதே ஹரியானாவிலும் உத்தரப்பிரதேசத்திலும் ஆள்சேர்ப்பு நடந்தது. 2024 பிப்ரவரியில் தைவானுடன் உடன்பாடு கையெழுத்தானது. புலம்பெயர் தொழிலாளி தன் விருப்பப்படி முதலாளியை மாற்றிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. உள்நாட்டிலோ, நூறு பேர் பணிபுரியும் ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பை, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் மூலம் அதே அரசு முந்நூறாக உயர்த்தியது. இங்கே வேலையின் பாதுகாப்பைப் பறிப்பதும், அங்கே பாதுகாப்பற்ற வேலைக்கு வழியனுப்புவதும் ஒரே கொள்கையின் இரு கைகள்.

விருப்பப்பட்டுத்தானே போகிறார்கள், அந்நியச் செலாவணி வருகிறதே என்பார்கள். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024இல் இந்தியாவுக்கு வந்த தொகை ஏறத்தாழ 12,900 கோடி டாலர். இது உழைப்பாளர்கள் வியர்வை சிந்தி ஈட்டியது. அரசின் சாதனை அல்ல. வெளிநாட்டில் உழைக்கப் போவதைத் தொழிற்சங்க இயக்கம் எதிர்க்கவில்லை. அடிமையாகப் போக நிர்ப்பந்திக்கப்படுவதையே எதிர்க்கிறது. பசியும் கடனும் துரத்தும்போது செய்யும் தேர்வைச் சுதந்திரம் என்பது முதலாளித்துவத்தின் பழைய பித்தலாட்டம்.

இந்தக் கயிறு அறுக்க முடியாததல்ல. 2014இல் சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் கத்தார் மீது புகார் தொடுத்தனர். தொடர்ந்த நெருக்கடியின் விளைவாக, முதலாளியின் ஒப்புதலின்றியே வேறு வேலைக்கு மாறும் உரிமையை 2020இல் அந்நாடு சட்டமாக்க வேண்டியதாயிற்று. நடைமுறையில் தடைகள் மிச்சமிருந்தாலும், சட்டமே அசைக்க முடியாதது என்ற வாதம் தகர்ந்துவிட்டது.

ஆகவே, இந்திய அரசு செய்துகொள்ளும் ஒவ்வொரு உடன்பாட்டிலும் முதலாளியை மாற்றும் உரிமை, வேலையிழந்தபின் வேறு வேலை தேடத் தங்கும் கால அவகாசம், சங்கம் சேரும் உரிமை ஆகியவை இடம்பெற வேண்டும். ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும். தொழிலாளர் விரோதச் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும். கிளைகள் தோறும், வெளிநாடு செல்ல விண்ணப்பிக்கும் இளைஞர்களைப் பயணத்துக்கு முன்பே சந்தித்து, ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டி, சங்கத்தோடு இணைக்கும் பணி தொடங்கப்பட வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண்களுக்கு உள்ளூரில் இருந்த போராடும் உரிமை, அம்மானிலும் தைபேயிலும் உழைக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிடைக்கும் வரை துண்டு ஒழிந்ததாகக் கொள்ள முடியாது.