கனம் வேறு, உறுதி வேறு

கனமான பொருள்தான் உறுதியான பொருள் என்று ஒரு நம்பிக்கை உலகமெங்கும் இருக்கிறது. கதவு கனமாயிருந்தால் திருடன் வரமாட்டான். புத்தகம் கனமாயிருந்தால் ஆசிரியர் அறிவாளி! இந்த நம்பிக்கை, அலைச்சறுக்குப் பலகை செய்யும் பட்டறைகளிலும் புகுந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கதை எழுதுகிறவனுக்குப் பட்டறை விவகாரம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எந்தத் தொழிலில் நல்ல வேலை கெட்டாலும் அதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது என் கட்சி.

அலைமீது மனிதன் நின்றபடி சறுக்கிச் செல்லும் அந்தப் பலகையின் அடியில், வால் பக்கமாக, மீனின் துடுப்பைப் போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பழைய ஹவாய்ப் பலகைகளுக்கு அது கிடையாது. காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்பினார்கள். 1935-இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், ஒரு பழைய வேகப் படகின் அடியிலிருந்து கழற்றிய உலோகத் தகட்டை வைக்கீகியில் தம் பலகைக்குப் பொருத்திப் பார்த்தார். வழுக்கிக்கொண்டிருந்த பலகை சொன்னபடி கேட்டது. பிறகு கண்ணாடி இழையும் பிசினும் வந்தன. 1960-களில் ஜார்ஜ் கிரீனோ, சூரை மீனைப் பார்த்து, வளைந்து கொடுக்கும் மெல்லிய துடுப்புகளைச் செய்தார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் சைமன் ஆண்டர்சன் மூன்று துடுப்புப் பலகையில் வென்றார். அதன் பிறகு மூன்று துடுப்பே வழக்கமாயிற்று. ஒட்டும் இடம் மூன்று. தவறு செய்யும் வாய்ப்பும் மூன்று.

என்ன தவறு? துடுப்பை நிமிர்த்தி வைத்து, அதன் காலடியில் பிசினைக் குழம்பு போல ஊற்றுவது. "இரண்டு கரண்டி கூடப் போனால் குடியா முழுகிவிடும்?" என்கிறார்கள். இன்றைய குட்டைப் பலகையின் மொத்த எடையே மூன்று கிலோ அளவுதான். அதிலும் வால் பகுதி மெலிந்தது. தண்ணீர் அதைத் தாங்கும் பலமும் குறைவு. எழுபது கிலோ மனிதன் ஏறி நிற்கிற பலகைக்கு நூறு கிராம் ஒரு பாரமா என்பது அடுத்த வாதம். மனிதன் உயிருள்ள பாரம், ஐயா! அலைக்குத் தகுந்தபடி முன்னும் பின்னும் நகர்ந்துகொள்வான். கெட்டிப்பட்ட பிசின் நகருமா?

கனம் போகட்டும், ஊற்றியதால் உறுதியாவது வந்ததா? அதுவும் இல்லை. அலை பக்கவாட்டில் மோதும்போது துடுப்பு நெம்புகோலாக மாறித் தன் வேரையே பெயர்க்கப் பார்க்கிறது. அந்த இழுப்பைத் தாங்குவது இழை. இழைகளைச் சேர்த்துக் கட்டி வைப்பதே பிசினின் வேலை. இழையில்லாத பிசின்கட்டி எளிதில் நொறுங்கும் சரக்கு. மேலும், பாலியெஸ்டர் பிசின் ஓரிடத்தில் தேங்கினால் இறுகும்போது தானே சூடேறும்; அந்தச் சூட்டில் வெடிப்பும் விழும். துடுப்பு பெயர்ந்துவிடுமோ என்று பயந்து ஊற்றியதே அதைப் பெயர்ப்பதற்கு வழி செய்து கொடுக்கிறது.

முறையாகச் செய்கிறவன் எப்படிச் செய்கிறான்? துடுப்பையே இலேசாகச் செய்கிறான். நடுவில் எடை குறைந்த மரமோ நுரைப்பொருளோ வைத்து, மேலே இழைத்துணி போர்த்துகிறான். பலகையின் மேல்பூச்சில் மெழுகு கலந்திருக்கும். அதன்மேல் எதுவும் பற்றாது. ஆகவே மேல்பூச்சுக்கு முன்பே ஒட்டுகிறான், அல்லது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டுகிறான். சில சொட்டுப் பிசினில் துடுப்பை நிறுத்தி, பிசினில் நனைத்த இழைக்கற்றையை வேரைச் சுற்றி ஒடுக்கமாகப் பதிக்கிறான். பிறகு துடுப்பிலும் பலகையிலும் படியும்படி முதலில் சிறிய துணி, அதன்மேல் சற்றுப் பெரிய துணி. கடைசியாக, ரப்பர் தகட்டால் வழித்து மிகுதிப் பிசினை வெளியேற்றுகிறான். துணி நனைந்திருக்க வேண்டும், மிதக்கக் கூடாது. வித்தை முழுவதும் இந்த வழிப்பில்தான் இருக்கிறது.

இலேசு, இலேசு என்று இழையையே குறைக்கிற கூட்டமும் உண்டு. அவர்கள் வேரடியில் உப்புத்தாளைப் போட்டுத் துணியையே அறுத்துவிடுகிறார்கள். முன்னவர்கள் பயந்தவர்கள் என்றால் இவர்கள் பகட்டுக்காரர்கள். இழையில் கஞ்சத்தனமும் பிசினில் தாராளமும் இரண்டுமே தொழிலுக்குத் துரோகம்.

இன்று, பலகையில் பதித்த பெட்டியில் செருகிக் கழற்றும் துடுப்புகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு வசதி உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால், "நிரந்தரமாக ஒட்டிய துடுப்பு என்றாலே கனம்" என்று முடிவு கட்டுகிறார்களே, அது அநியாயம். அந்தப் பெட்டிக்கும் எடை உண்டு. அதைப் பதிக்கவும் பிசின் வேண்டும். ஒருவன் அரைவேக்காட்டுச் சோறு போட்டான் என்பதற்காக அரிசியையா பழிப்பது?

எழுத்திலும் இதே கதைதான். தன் வாக்கியத்தில் நம்பிக்கை இல்லாதவன்தான் அடைமொழிகளை ஊற்றி ஒட்டப் பார்க்கிறான். பிசின் கிண்ணத்தை மறுபடி சாய்க்கும் முன் பட்டறைக்காரர் ஒரு கணம் யோசிக்கட்டும்: இந்தக் கரண்டி துடுப்புக்காகவா, தம் பயத்துக்காகவா?