செம்புக்கு விலை உண்டு. ஈயத்திற்கு யார் பொறுப்பு?

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் எழுந்த குரலை நாம் மறந்திருக்கமாட்டோம். இன்று கோவையிலும் கொங்குநாட்டுச் சிற்றூர்களிலும் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேரும் பொருள்களில் ஒன்று, கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி. 2006 முதல் தமிழக அரசு விலையின்றி வழங்கிய வண்ணப் பெட்டிகளே ஒன்றரைக் கோடிக்கு மேல். தட்டைத் திரைகள் வந்தபின் அவை பரணுக்கு ஏறின. இப்போது தெருவுக்கு இறங்குகின்றன.

அதன்பின் நிகழ்வது என்ன? சுத்தியலால் ஓர் அடி. செம்புச் சுருள் வெளியே வருகிறது. கம்பியின் உறையை எரிக்கும் நச்சுப் புகை, கையுறையற்ற தொழிலாளியின் நுரையீரலுக்குள் செல்கிறது. விலைபோகாத கண்ணாடி குப்பைமேட்டைச் சேர்கிறது. படக்குழாயில் எழும் எக்ஸ் கதிர்கள் நம்மீது படாதிருக்கவே அக்கண்ணாடியில் ஈயம் சேர்த்தார்கள். நம்மைக் காத்த அதே ஈயம், மண்ணிலும் நீரிலும் கலந்தால் ஏழைக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது.

சட்டம் இல்லையா? உண்டு. உற்பத்தியாளரின் பொறுப்பை வகுத்த விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. இவற்றின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி நிறுவனங்கள் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். அச்சான்றிதழோ தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அளவைக்கொண்டே அமைகிறது. ஈயக் கண்ணாடிக்கு அக்கணக்கில் இடமில்லை. தாளில் கடமை நிறைவேறுகிறது. நஞ்சு மண்ணிலேயே கிடக்கிறது.

மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தரவேண்டும் என அரசு விதித்தபோது, சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. செலவு கூடும் என்பது அவர்களின் வாதம். செலவு இன்றும் இருக்கிறது. அதைச் செலுத்துபவர்தாம் வேறு. நிறுவனம் கொடுக்காத ரூபாயைச் சுத்தியல் பிடித்தவன் தன் உடல்நலத்தால் கொடுக்கிறான். தம்பியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தான் அவனுக்குக் காவலாளியோ என்று திருப்பிக் கேட்ட காயினின் குரல் இதில் ஒலிக்கவில்லையா? வீசியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் கண்டித்தது இதற்காகவே.

எனவே உற்பத்தியாளரிடம் நாம் கேட்பவை இரண்டு. ஒன்று, புதிய பெட்டியை விற்கும் கடைதோறும் எந்த நிறுவனத்தின் பழைய பெட்டியையும் உடைக்காமல் முழுதாகப் பெற்று, உரிய விலை தரவேண்டும். மற்றொன்று, செம்பை நிறுப்பதுபோல் ஈயக் கண்ணாடியையும் நிறுத்து, அது சென்று சேர்ந்த இடத்தை மக்களுக்கு அறிவிக்கவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. அடுத்த பெட்டி வாங்கும்போது, 'பழையதை எங்கே கொண்டுபோவீர்கள்?' என்று கடைக்காரரிடம் கேட்போம். விலையைப் பேசிக் குறைக்கத் தெரிந்த நமக்கு, இந்த ஒரு கேள்வியைக் கேட்கவா நா எழாது?